அண்ணாமலைச் சாரல் – ஒரு திணை ஆய்வு

முன்னுரை

தேவாரத் திருப்பதிகங்களில் இயற்கை பெறும் இடத்தை ஆராய்ந்த அறிஞர் பலராவர். அவருள் பெரும்பாலோர் இயற்கைப் பகுதியை வழிபாட்டுப் பகுதியினின்று பிரித்து, முன்னதை அழகு என்றும் பின்னதைப் பொருள் என்றும் கொண்டனர். பாடலின் முற்பாதி இறைவன் புகழைச் சொல்ல, பிற்பாதி ஊர்வளம் சொல்லி முடியும் என்பது வகுப்பறைகளில் வழங்கும் விளக்கம். இவ்விளக்கம் பல பதிகங்களுக்குப் போதுமானதாகலாம். திருவண்ணாமலை பற்றித் திருஞானசம்பந்தர் அருளிய இரண்டு பதிகங்களுக்கு இது போதாது என்பதே எம் கருத்து.

அப்பதிகங்களின் உயிர்ச்சொல் ‘சாரல்’ என்பது. அச்சொல் குறிக்கும் நிலம், இன்று இரமணாசிரமம் அமைந்துள்ள தென்புறத்திலும் மலையைச் சூழ்ந்த ஊர்களிலும் நம் கண்முன்னே உருமாறி வருகின்றது. திருவண்ணாமலை 2024-ஆம் ஆண்டு மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தது. நகர் விரிய விரியச் சாரல் சுருங்குகின்றது. நிலம் மறைந்தபின் அந்நிலத்தைச் சொன்ன பாட்டு எவ்வாறு படிக்கப்படும் என்பது சூழலியலார்க்கு மட்டும் உரிய வினா அன்று. தமிழ் பயிற்றும் நமக்கும் உரியது. அதனை ஈண்டு ஆராய்வாம்.

பதிகங்கள் காட்டும் சாரல்

ஆராய்ச்சிக்குரிய பதிகங்கள் இரண்டும் முதல் திருமுறையைச் சார்ந்தவை. உண்ணாமுலையம்மையை முன்வைத்துத் தொடங்குவது ஒன்று. அடியவர் மலர்கொண்டு தொழுவதைச் சொல்லித் தொடங்குவது மற்றொன்று. இரண்டாவதன் பாடல்களுள் பெரும்பாலானவை இறைவனைச் ‘சாரல் அண்ணாமலையார்’ என விளித்தே முடிகின்றன. சிகரம் அங்குப் பேசப்படவில்லை. மலையின் உயரமும் பேசப்படவில்லை. பேசப்படுவது மலை நிலத்தோடு சாயும் பகுதியே.

அச்சாரலில் நிகழ்வன யாவை? இடி முழங்க அஞ்சிய ஆமாவின் பிணைகள், மேய்ச்சல் ஆநிரையோடு கலந்து வந்து ஒதுங்குகின்றன. வேட்டுவ மகளிர் இதணத்தின் மேலேறிக் கிளியோட்டுகின்றனர். பன்றித் திரளும் மானினமும் கரடியும் இறங்கி வருகின்றன. இரவில் யானைத் திரள் வந்து சேர்கின்றது. பிரிந்துபோன பிடியைக் காணாத களிறு ஓடிக் கூவி அலைந்து, இறுதியில் அங்கேயே உறங்கிவிடுகின்றது. குறவர் புனத்தில் குவித்த மணிகளை அருவி வாரிக்கொண்டு வீழ்கின்றது. காணாமற்போன எருமையைத் தேடும் ஆயன் குழலூத, எல்லாம் வந்து திரள்கின்றன. முதிர்ந்த மூங்கில் உதிர்த்த முத்துகளைக் குறமகளிர் குவித்துவைத்து, வருவாரை அழைத்து ஆடிப்பாடி அளக்கின்றனர்.

முதற்பதிகம் இதனினும் நுண்மை உடையது. கடுவன் ஒன்று தேமாங்கனியைப் பறித்துக் கொம்பைக் கைவிடுகின்றது. விடுபட்ட கொம்பு மழையைத் தீண்ட, நுண்துளிகள் பாறையின்மேற் சிதறுகின்றன. அப்பொழிலை ஆமாப் பிணை வந்து அணைகின்றது. குரங்கு, கொம்பு, மழை, பாறை, ஆமா என ஒன்றன் செயல் மற்றொன்றைத் தொடுகின்றது. அப்பதிகத்தின் இறுதிப் பாடலோ, கதிரவன் வெம்மை புகாது விலகும் விரிந்த சாரல் எனக் கூறி முடிகின்றது. நிழல் செறிந்த காடு என்பதை இதனினும் சுருங்கச் சொல்லல் அரிது.

மரபோ காட்சியோ

இவ்விடத்து ஒரு தடை எழும். யானையும் அருவியும் குறவரும் மலைத்தலங்கள் எவற்றைப் பாடினும் வருவன. திருப்பருப்பதத்தும் குற்றாலத்தும் இவற்றைக் காண்கின்றோம். ஆதலின் இவை சங்கப் பாடல்வழி வந்த குறிஞ்சி மரபே அன்றி அண்ணாமலைக்கு உரிய சான்று ஆகா என்பது அத்தடை. இது புறக்கணிக்கத்தக்கது அன்று. பாட்டில் யானை வந்தமை கொண்டு ஏழாம் நூற்றாண்டில் அம்மலையில் யானை எண்ணி முடிப்பார் ஆராய்ச்சியாளர் ஆகார்.

ஆயினும் மரபு என்று கூறிய அளவில் ஆய்வு முடிந்துவிடாது. சம்பந்தர் எல்லாத் தலத்தையும் ஒன்றுபோற் பாடினார் அல்லர். காவிரிக்கரைப் பதிகளில் வயலும் வாளையும் தாமரையும் வரும். காழியில் கடலும் கழியும் வரும். நிலத்திற்கேற்பத் திணை மாறுகின்றது. அண்ணாமலைப் பதிகத்தில் நாம் நோக்கவேண்டுவது தனித்தனி விலங்கை அன்று. அவை சேர்க்கப்பட்ட முறையை. ஆமா ஆநிரையோடு வருகின்றது. யானை நடமாடும் அதே சாரலில் எருமையும் ஆயனும் உள்ளனர். கிளியோட்டும் புனமும் குழலோசை கேட்கும் மேய்ச்சல் நிலமும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. அஃதாவது, குறிஞ்சியும் முல்லையும் கூடும் விளிம்பே இப்பதிகத்தின் நிலம். தூய குறிஞ்சி மரபை மட்டும் பின்பற்றும் புலவர்க்கு ஆயனும் எருமையும் வேண்டுவதில்லை.

இதற்கு அரண் செய்யும் மற்றொரு நூல் இதே வட்டாரத்தில் எழுந்தது. பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டாகிய மலைபடுகடாம் 583 அடிகளில் அமைந்தது. இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார், செங்கண்மாவை ஆண்ட நன்னன் சேய் நன்னனைப் பாடியது அது. செங்கண்மா என்பது திருவண்ணாமலைக்கு மேற்கே உள்ள இன்றைய செங்கம். இரமணாசிரமத்தின் வாயிலில் ஓடும் சாலைக்கு இன்றும் செங்கம் சாலை என்றே பெயர். நவிரமலையையும் சேயாற்றையும் நடந்து கடக்க வேண்டிய கூத்தர்க்கு வழிகூறும் அப்பாட்டில், பன்றிக்கு வைத்த கற்பொறியும், புனங்காவலர் எறியும் கவண்கல்லும், வழுக்கும் பாறையும், பாம்பு உறையும் இடமும் ஒவ்வொன்றாக எச்சரிக்கப்படுகின்றன. மலையை விட்டிறங்கியவுடன் கோவலர் குடியும் ஆடுமாடும் வருகின்றன. பின்னர் வயலும் ஆறும் வருகின்றன. மலையும் மேய்ச்சலும் வயலும் ஒரே நடைவழியில் தொடர்ந்து கிடப்பதை அந்நூல் காட்டுகின்றது. சம்பந்தர் அத்தொடர்ச்சியை ஒரே சாரலில் ஒடுக்கிக் காட்டினார் என்க.

அண்ணாமையும் அணைதலும்

இனிப் பதிகத்தின் சொல்லாட்சியை நோக்குவாம். அண்ணுதல் என்பது கிட்டுதல். அண்ணா என்பது அதன் எதிர்மறை. அயனும் மாலும் கிட்டுதற்கு அரிதாய் நின்ற மலை ஆதலின் அண்ணாமலை எனப் பெயர் பெற்றது என்பது மரபுரை. இப்பெயரையே ஒவ்வொரு பாடலின் முடிவிலும் வைத்த சம்பந்தர், அதற்கு முன்னே எத்தகைய வினைகளை வைத்தார் என்பது கருதத்தக்கது. ஆமாப் பிணை ‘அணையும்’ சாரல். யானைத் திரள் ‘அணையும்’ சாரல். அந்திப் பிறை ‘அணையும்’ சாரல். அண்ணாத மலைக்கு அணையும் சாரல் அமைந்துள்ளது. தேவர் கிட்டமாட்டாத இடத்தை மாக்கள் நாள்தோறும் கிட்டுகின்றன.

இம்முரண் தற்செயல் ஆதல் இயலாது. திருமால் பன்றியாய் நிலம் அகழ்ந்து தேடியும் அடி காணாமை இத்தலத்தின் முதன்மைக் கதை. அக்கதை இடம்பெறும் பதிகத்திலேயே, யாதொரு முயற்சியுமின்றிப் பன்றித் திரள் சாரலில் இறங்கி வருவதாகவும் பாடுகின்றார். தேடிய பன்றி காணவில்லை. தேடாத பன்றிகள் அங்கேயே வாழ்கின்றன. செருக்கோடு அளக்க வந்தார்க்கு எட்டாமையும், சார்ந்து வாழ்வார்க்கு எளிமையும் ஆகிய இரண்டையும் ஒரு மலைமேல் வைத்தற்குப் புலவர்க்குச் சாரல் தேவைப்பட்டது. சார்தலினின்று வந்த சொல் சாரல். சார்தற்கு இடமாவது அது. ஆகவே பிற்பாதியின் இயற்கை ஊர்வளம் கூறும் அணியன்று. முற்பாதியின் பொருளை நிறைவேற்றும் உறுப்பு. அதனை நீக்கினால் அண்ணாமை மட்டும் எஞ்சும்; அருளுக்கு வழி இல்லையாகும்.

யானையை உயிர் என்றும் பிடியை வினை என்றும் உருவகமாக்கிப் பொருள் கொள்வாரும் உளர். அம்முறையை யாம் மறுக்கவில்லை. ஆயின் உருவகத்திற்கும் முதலில் ஒரு யானை வேண்டும். துணையைக் காணாது கூவி ஓய்ந்து உறங்கும் விலங்கைக் கண்முன் கொண்டுவர இயலாத மாணாக்கனுக்கு அவ்வுருவகம் வெறும் வாய்பாடாகவே நிற்கும். எம் வகுப்பில் இதணம் என்ற சொல்லுக்குப் பரண் எனப் பொருள் கூறினால், வீட்டில் பழம்பொருள் போட்டுவைக்கும் இடத்தையே மாணாக்கர் நினைக்கின்றனர். புனங்காக்கும் பரணைக் கண்டார் அவருள் மிகச் சிலர். சொல் அகராதியில் உள்ளது; பொருள் நிலத்தினின்று நீங்கிவிட்டது.

திரளும் பெயரும்

சம்பந்தர் காலத்திற்கும் நம் காலத்திற்கும் இடையே இம்மலை பற்றி எழுந்த நூல்கள் பல. அவற்றுள் இருபதாம் நூற்றாண்டில் தோன்றியவை தனியே நோக்கற்குரியன. இரமண மகரிஷி 1896-ஆம் ஆண்டு திருவண்ணாமலையை அடைந்தார். 1899 முதல் 1916 வரை விரூபாட்ச குகையிலும், பின்னர் 1922 வரை கந்தாசிரமத்திலும் உறைந்தார். 1922-இல் அன்னையார் மறைந்தபின் மலையின் தென்னடிவாரத்தில் எழுந்ததே இன்றைய ஆசிரமம். சாரலில் கால் நூற்றாண்டும், சாரலின் அடியில் 1950 வரையும் வாழ்ந்தவர் அவர்.

அவர் பாடிய அருணாசல அட்சரமணமாலை 108 கண்ணிகளை உடையது. அது மலையை நேர்நின்று அழைக்கும் பாட்டு. சாரலின் விலங்கும் குறவரும் அதன் பாடுபொருள் அல்லர். மலை அங்கு முழுவதும் தலைவனாகிவிட்டது. இது குறையன்று, பாட்டின் நோக்கம் வேறு. ஆனால் செய்யுளினின்று நீங்கிய சாரல் அவரைச் சூழ்ந்தோர் எழுதிய உரைநடையிற் புகுந்தது என்பது நாம் காணத்தக்கது. 1945-ஆம் ஆண்டு முதல் சூரி நாகம்மா தெலுங்கில் எழுதிய கடிதங்களிலும், அதே காலத்துத் தேவராஜ முதலியார் நாட்குறிப்பிலும் அணிலும் குரங்கும் மயிலும் பசுவும் மலைவழி நடைகளும் இடம்பெறுகின்றன.

அவ்வுரைநடை நினைவுகளுள் ஒன்று சாரலின் செறிவைக் காட்டும். மகரிஷி ஒருகால் மலைக்காட்டில் தனியே செல்லுங்கால் மிகப் பெரிய ஆலிலை ஒன்றைக் கண்டு, அதன் மரத்தைத் தேடிச் சென்றார். வழியில் ஒரு புதரில் இருந்த குளவிக்கூட்டில் அவர் தொடை பட்டது. குளவிகள் கொட்டின. அவற்றின் இல்லத்தைக் கலைத்த காலுக்கு அது தக்க தண்டம் எனக் கருதி, அவை ஓயும்வரை அசையாது நின்றார். பிறர் இதனைப் பொறுமைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வர். திணை நோக்கிப் படிப்பார்க்கு இது வேறொன்றையும் சொல்லுகின்றது. புதர் மண்டிய காட்டில், அதன் உயிர்களுக்கு உரிமை உண்டு எனக் கருதி நடந்த ஒருவர் மலையை அணைந்த முறை இது. சம்பந்தரின் ‘அணையும்’ என்ற சொல்லுக்கு இருபதாம் நூற்றாண்டில் எழுந்த உரை எனலாம்.

மற்றொரு குறிப்பும் உண்டு. ஆசிரம வளாகத்தில் பசு இலட்சுமிக்கும், வள்ளி என்ற மானுக்கும், காகத்திற்கும், நாய்க்கும் சமாதிகள் உள்ளன. இலட்சுமி 1948 சூன் 18 அன்று இறந்தபோது அதன் விடுதலை குறித்து மகரிஷி ஒரு செய்யுள் இயற்றினார். சம்பந்தர் பதிகத்தில் விலங்குகள் திரளாக வருகின்றன, எதற்கும் பெயரில்லை. ஆசிரம நினைவுகளில் ஒவ்வொன்றாக வருகின்றன, பெயர் பெறுகின்றன. இம்மாற்றத்திற்கு அன்பு ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. எனினும் இலக்கிய வரலாறு நோக்குவார் பிறிதொன்றையும் குறித்துக்கொள்ளுதல் நன்று. மிகுந்திருப்பதைத் திரள் என்கின்றோம், அருகியதற்கே பெயரிடுகின்றோம்.

பாலை என்னும் நிலை

தொல்காப்பியர் ஐந்திணையுள் நடுவணதாகிய பாலைக்குத் தனிநிலம் வகுத்தாரல்லர். இளங்கோவடிகள் காடுகாண் காதையில் அதற்கு விளக்கம் தந்தார். முல்லையும் குறிஞ்சியும் தத்தம் இயல்பு கெட்டுத் துயர் விளைக்கும் வடிவு கொள்வதே பாலை என்பது அவர் கருத்து. பாலை ஒரு நிலம் அன்று. நிலத்திற்கு நேரும் நிலை. இக்கருத்தைக் கவிதை வளம் என்று மட்டும் கொள்ளுதல் சாலாது. அண்ணாமலையின் அண்மைக்கால வரலாற்றை விளக்கும் கோட்பாடாகவும் அது நிற்கின்றது.

814 மீட்டர் உயரமுள்ள இம்மலை 1980-களில் பெரும்பாலும் மொட்டையாய்க் கிடந்தது. விறகுக்கு வெட்டியதும், இடையறா மேய்ச்சலும், கோடைதோறும் புல்லிற் பற்றிய தீயும் அதற்குக் காரணங்கள். கதிரொளி விலகும் சாரல் எனப் பாடப்பட்ட இடத்தில் பாறையும் உலர்ந்த புல்லுமே எஞ்சின. இரமணாசிரமத்தில் வாழ்ந்த ஆஸ்திரேலியப் பெண்மணி ஒருவர் இந்நிலையைத் தம் நாட்டுக் காடு காப்பாளர்க்கு எழுத, அதன் விளைவாக 1988-ஐ ஒட்டி அண்ணாமலை மீள்காடாக்கக் கழகம் தோன்றியது. பின்னர், 2003 முதல் ‘தி ஃபாரஸ்ட் வே’ என்னும் அறக்கட்டளையும் இப்பணியில் ஈடுபட்டது. மழைக்காலத்தில் உள்நாட்டு மரக்கன்றுகளை நடுதல், கோடைக்கு முன் புல்லை அகற்றித் தீத்தடுப்புக் கோடுகள் அமைத்தல், தீ பற்றியபோது மலையேறி அணைத்தல் என அப்பணி ஆண்டுதோறும் தொடர்கின்றது. இன்று தென்சாரலின் பல பகுதிகளில் மீண்டும் மரநிழல் உண்டு. மயிலும் மானும் உண்டு. யானைத் திரளும் ஆமாவும் இல்லை. அவை மீளும் எனக் கருதுதற்கும் இடமில்லை.

நிலை என்பது மாறக்கூடியது. குறிஞ்சி திரிந்து பாலையானது போலப் பாலை திரும்பிக் குறிஞ்சியாதலும் கூடும் என்பதை இம்மலை காட்டியுள்ளது. இளங்கோவடிகள் கருத்தின் மறுபாதி இது.

ஆயினும் மீள்வது குறிஞ்சி மட்டுமே என்பதை நாம் மறத்தலாகாது. மலை அரசின் காப்புக்காடு. அதனைக் காக்கச் சட்டம் உண்டு. நட ஆளும் உண்டு. மலையடியில் இருந்த முல்லைக்கு இவ்விரண்டும் இல்லை. மேய்ச்சல் தரையும், மானாவாரிக் கொல்லையும், ஏரிக்குச் செல்லும் நீர்க்கால்களும் மனைகளாகப் பிரிக்கப்படுகின்றன. 14 கிலோமீட்டர் கொண்ட கிரிவலப் பாதையில் பௌர்ணமிதோறும் இலக்கக்கணக்கானோர் நடக்கின்றனர். அவர்க்கு விடுதியும் கடையும் வண்டி நிறுத்துமிடமும் வேண்டியுள்ளன. ஆசிரமத்திற்குத் தெற்கிலும் மேற்கிலும் உள்ள ஊர்ப்புறங்களில் இம்மாற்றம் வெளிப்படை. மலைவலம் வருவாரின் பெருக்கமே மலை அணையும் நிலத்தை விழுங்குகின்றது. பத்தியால் வந்த கேடு என்று இதனைக் கூறுதல் பிழை; திட்டமின்மையால் வந்த கேடு என்று கூறுதலே பொருந்தும்.

ஊர்ப்பெயர்கள் இதற்குச் சான்று பகரும். அத்தியந்தல், தேவனந்தல் என்னும் பெயர்களின் ஈறு ஏந்தல் என்பதன் திரிபாகக் கொள்ள இடமுண்டு. ஏந்தல் என்பது ஏரி. அத்திமரம் நின்ற ஏரி எனப் பொருள்படும் ஊரில் நாளை மரமும் ஏரியும் இல்லையாயின், பெயர் இடுகுறியாகிவிடும். ஆசிரமத்திற்கு அப்பாலுள்ள சமுத்திரம் ஏரிக்கும் பிற நீர்நிலைகளுக்கும் நீர் தருவது மலைச்சாரலில் வீழும் மழையே. சாரல் என்பதற்கு மலைச்சரிவு என்றும் மழைத்தூறல் என்றும் இரு பொருள் தமிழில் வழங்குவது ஈண்டு நினையத்தக்கது. மழை வழியும் இடமும் சாரல். வழியும் மழையும் சாரல்.

அவ்வழியை மறந்தால் நேர்வது யாது என்பதை அண்மை நிகழ்ச்சி ஒன்று உணர்த்தியது. ஃபெஞ்சல் புயலின் பெருமழையில் 2024 திசம்பர் 1 அன்று மலைச்சரிவின் ஒரு பகுதி பெயர்ந்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின்மேல் வீழ்ந்தது. எழுவர் உயிரிழந்தனர்; அவருள் ஐவர் சிறார். இறந்தோர்மேலோ அங்கு வாழ்வோர்மேலோ குற்றம் சுமத்துதல் எம் நோக்கமன்று. சாரலில் எதனை வைத்தல் தகும், எதனை வைத்தல் தகாது என ஆய்ந்து உரைக்கும் பொறுப்பு நகரமைப்போர்க்கு உரியது. மலைபடுகடாம் பாடிய புலவர் தாம் காணாத கூத்தர்க்குக்கூட வழுக்கும் பாறையைச் சுட்டி எச்சரித்தார் என்பதை மட்டும் ஈண்டு நினைவூட்டுகின்றோம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். சம்பந்தரின் அண்ணாமலைப் பதிகங்களில் சாரல் அணியன்று, பொருளின் உறுப்பு. அச்சாரல் குறிஞ்சியும் முல்லையும் கூடும் விளிம்புநிலம். அண்ணாமை, அணைதல் என்னும் இரண்டின் முரணில் பதிகத்தின் கருத்து நிற்கின்றது. அவ்விளிம்பின் ஒருபாதி நம் காலத்தில் அழிந்து மீளத் தொடங்கியுள்ளது. மறுபாதி காப்பின்றி மறைகின்றது. மலையில் மரம் நட்டபின் அடிவாரம் முழுதும் கட்டடமாயின், கிடைப்பது வேலியிட்ட காடே அன்றிச் சாரல் ஆகாது. ஆநிரை நிற்குமிடம் இல்லாத வழி ஆமாவும் ஆநிரையும் கலந்த காட்சியை மாணாக்கர்க்கு எவ்வாறு விளக்குவோம்?

தமிழ்த்துறைகள் செய்யக்கூடியன சில உண்டு. தலப்பதிகங்களை அவ்வந் நிலத்திற்குச் சென்று பயிற்றலாம். மரம், விலங்கு, நீர்நிலை குறித்த பதிகச் சொற்களை அவ்வட்டார வழக்கோடு ஒப்பிட்டுத் தொகுக்கலாம். ஏந்தல், தாங்கல், பூண்டி என முடியும் ஊர்ப்பெயர்களையும் அவற்றின் நீர்நிலைகளையும் வரைபடத்தில் குறிக்கலாம். முதியோர் இன்னும் உளர். அவரிடம் கேட்டறியும் காலம் நீண்டதன்று. இவை நிலத்தைக் காத்துவிடும் என்று யாம் கூறவில்லை. ஆனால் எது காக்கத்தக்கது என்பதை முதலில் பெயர் சொல்லிக் காட்டுதல் வேண்டும். அது மொழியறிந்தார் கடன். சம்பந்தர் அண்ணாமலையானைச் சாரலோடு சேர்த்தே அழைத்தார். அவ்வழைப்பின் பொருள் குன்றாமல் அடுத்த தலைமுறைக்குச் சேர்ப்பதற்குப் பதிகத்தின் பாடம் வேண்டும். சாரலின் நிலமும் வேண்டும்.